எரியாத ஒளி

விருதுநகர் மாவட்டத்தில் வாழ்வோருக்கு ஒளி என்றதும் நெருப்புதான் நினைவுக்கு வரும். 1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அடுத்த ஆண்டு தொடங்கிய தீப்பெட்டித் தொழிலின் வழியே பின்னர் மத்தாப்பும் பட்டாசும் இம்மண்ணின் தொழில்களாயின. இங்குள்ள பல குடும்பங்களுக்குச் சோறு தருவதும் அந்த ஒளியே. சில குடும்பங்களை மருத்துவமனைக்கு அழைத்து வருவதும் அதுவே.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் கிடக்கும் வெடிக்காத பட்டாசுகளைப் பிள்ளைகள் பொறுக்கிச் சேர்ப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவற்றைப் பிரித்து, உள்ளிருக்கும் மருந்தைத் தாளில் கொட்டிப் பற்றவைக்கும்போது, கணப்பொழுதில் கையும் முகமும் கண்ணும் காயமுறுகின்றன. "தொடாதே" என்று சொல்வது தேவைதான். ஆயினும் பிள்ளையை ஈர்ப்பது குறும்பு மட்டுமன்று. நிறமும் ஒளியும் அதை ஈர்க்கின்றன. அந்த ஆவலுக்குத் தீங்கில்லாத வேறு வழி ஒன்றைக் காட்டினால், நம் சொல்லுக்கு வலிமை கூடும். அவ்வழியைப் பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும், படுக்கையில் நாள்களைக் கழிக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நெருப்பில்லாமலும் ஒளி பிறக்கும். அதை வீட்டிலும் வகுப்பறையிலும் கண்ணாரக் காணலாம்.

சூடான ஒளியும் குளிர்ந்த ஒளியும்

கம்பி மத்தாப்பின் பொறிகள் 1000 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் கொண்டவை. அவ்வெப்பத்தில் உலோகத் துகள்கள் வெண்மையாக ஒளிர்கின்றன. வண்ண மத்தாப்பில் வெப்பத்தோடு உப்புகளும் சேர்கின்றன. ஸ்ட்ரான்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், சோடியம் மஞ்சளையும், தாமிரம் நீலத்தையும் தருகின்றன. (பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்ப்பதை உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தடைசெய்தது.)

வெப்பம் செய்வது என்ன? அணுவிலுள்ள எலக்ட்ரான்களை மேல்நிலைக்கு ஏற்றுகிறது. அவை கீழிறங்கும்போது, பெற்ற ஆற்றலை ஒளியாக வெளியிடுகின்றன. எலக்ட்ரானை மேலே ஏற்ற வெப்பம்தான் வேண்டும் என்பதில்லை. மற்றோர் ஒளியும் ஏற்றலாம். ஒரு வேதிவினையும் ஏற்றலாம். ஒரு படிகத்தை நொறுக்கும் விசையும் அதற்குக் காரணமாகலாம். இவ்வாறு பொருள் சூடேறி எரியாமலேயே பிறப்பதைக் குளிரொளி என்கிறோம்.

மத்தாப்பில் சிவப்பைத் தரும் அதே ஸ்ட்ரான்சியம், ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டு என்னும் சேர்மமாகிச் சிறிதளவு யூரோப்பியத்தோடு இணையும்போது, இருட்டில் பச்சையாக ஒளிரும் நட்சத்திர ஒட்டுவில்லைகளில் இடம்பெறுகிறது. தனிமம் ஒன்றே, ஒன்று சுடுகிறது, மற்றொன்று பிள்ளையின் அறைக்கூரையில் அமைதியாக ஒளிர்கிறது.

ஒரு டார்ச்சும் ஒரு மஞ்சள் தாளும்

ரூபாய் நோட்டுகளைச் சோதிக்கப் பயன்படும் சிறிய யு.வி. டார்ச் ஒன்றும், மஞ்சள் நிறக் கண்ணாடித்தாள் ஒன்றும் முதல் மூன்று ஆய்வுகளுக்குப் போதும். டார்ச் எப்போதும் பெரியவர் கையில் இருக்கட்டும். அதன் ஒளி கண்ணிலோ, ஆறிவரும் தீக்காயத்திலோ, புதிதாக வளர்ந்த தோலிலோ படலாகாது. சில மருந்துகளை உட்கொள்வோருக்கும் சில நோயுள்ளோருக்கும் தோல் ஒளியைத் தாங்காது. டாக்சிசைக்ளின் என்னும் மருந்தும், லூபஸ் என்னும் நோயும் அத்தகையவை. அவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

முதல் ஆய்வு மஞ்சள் தூளில். ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயும், மற்றொன்றில் அதே அளவு நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கலக்கி, அரைமணி நேரம் தெளியவிடுங்கள். அறையை இருட்டாக்கி டார்ச்சைக் காட்டினால், எண்ணெய் பசுமஞ்சளாக ஒளிரும். நீர் மங்கியே இருக்கும். மஞ்சளிலுள்ள குர்குமின் எண்ணெயில் கரையும், நீரில் ஏறத்தாழக் கரையாது என்பதே இவ்வேறுபாட்டின் காரணம். இனி மஞ்சள் கண்ணாடித்தாளைக் கண்ணுக்கு முன் பிடித்துப் பாருங்கள். டார்ச்சின் ஊதா ஒளியைத் தாள் பெரிதும் தடுத்துவிடும். எண்ணெயின் ஒளியோ தாளைக் கடந்து வரும். உள்ளே சென்ற ஒளி ஒரு நிறம், வெளியே வந்த ஒளி வேறொரு நிறம் என்பதற்கு இதுவே சான்று. சில பள்ளிகளில் இதற்குச் சானிடைசரைப் பயன்படுத்துவதுண்டு. அது எளிதில் தீப்பற்றும், எண்ணெயே போதுமானது.

இரண்டாவது ஆய்வுக்கு நிழலில் உலர்த்திப் பொடித்த முருங்கையிலையைத் தேங்காய் எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். பகலில் பச்சையாகத் தோன்றும் அவ்வெண்ணெய், இருட்டில் டார்ச் ஒளியில் கருஞ்சிவப்பாக ஒளிரும். இலையின் பச்சையம் தான் பெற்ற ஒளியைச் சிவப்பாகத் திருப்பித் தருகிறது. உயிருள்ள இலையில் அந்த ஆற்றலின் பெரும்பகுதி உணவு தயாரிக்கச் செல்கிறது. எண்ணெயில் அதற்கு வேலையில்லாமையால் ஒளி நன்கு தெரிகிறது.

மூன்றாவது ஆய்வில் சமையற்கட்டுக்கே செல்ல வேண்டியதில்லை. சலவைத்தூளில் துவைத்த வெள்ளைச் சட்டையையும், நூறு ரூபாய் நோட்டின் எண்களையும் டார்ச் ஒளியில் பாருங்கள். சட்டை நீலமாக ஒளிரும். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கப்படும் சாயமே அதற்குக் காரணம். நோட்டின் எண்கள் ஒளிரும் மையால் அச்சிடப்பட்டவை. தாளுக்குள் பொதிந்த நுண்ணிய இழைகளும் ஒளிரும். அச்சுத்தொழிலில் வளர்ந்த சிவகாசிப் பிள்ளைகளுக்கு மையின் இந்தப் பண்பு சுவையூட்டும்.

இம்மூன்றிலும் நிகழ்வது உடனொளிர்வு. விருதுநகர்த் தெப்பக்குளத்தின் மேற்படிக்கு ஒரு பந்தை எறிவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அது ஒரு படி ஓசையின்றி நழுவி, பின் அங்கிருந்து நேரே கீழே விழுகிறது. ஏறிய உயரத்தைவிட விழுந்த உயரம் சற்றுக் குறைவு. அதுபோலவே ஊதா ஒளியால் மேலேறிய எலக்ட்ரான், சிறிதளவு ஆற்றலை வெப்பமாக இழந்து, எஞ்சியதை ஆற்றல் குறைந்த பச்சையாகவோ சிவப்பாகவோ வெளியிடுகிறது. டார்ச்சை அணைத்தவுடன் ஒளியும் நின்றுவிடும்.

வத்திராயிருப்பில் பிறந்தவரின் ஆய்வு

ஒளியின் நிறம் மாறியதா என்பதை இரண்டு வண்ண வடிகட்டிகளைக் கொண்டு சோதிக்கும் இம்முறை, இயற்பியல் வரலாற்றில் சிறப்பான இடம் பெற்றது. அதில் இம்மாவட்டத்துக்கும் பங்குண்டு. 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றபின், 1920களில் கல்கத்தாவில் சி. வி. இராமனுடன் பணியாற்றினார்.

அங்கு அவர்கள் கதிரவன் ஒளியைக் குவித்து, நீலஊதா வடிகட்டி ஒன்றின் வழியே தூய திரவங்களுக்குள் செலுத்தினர். பார்ப்பவரின் பக்கம் பசுமஞ்சள் வடிகட்டியை வைத்தனர். ஒளியின் நிறம் மாறாதிருந்தால் ஒன்றும் தெரியக்கூடாது. மங்கலான ஓர் ஒளி தெரிந்தது. அதை உடனொளிர்வு என்றே அங்குள்ளோர் பல ஆண்டுகள் கருதினர். திரவத்தில் கலந்த மாசே அதற்குக் காரணமாகலாம் என்றும் ஐயுற்றனர். திரவங்களை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்திய பின்னரும் ஒளி மறையவில்லை. மேலும், அதன் அலைகள் ஒரே தளத்தில் அதிர்ந்தன. திரவங்களின் உடனொளிர்வு பொதுவாக அவ்வாறிராது. ஆகவே அது வேறொரு நிகழ்வு என்று 1928 பிப்ரவரியில் தெளிந்தனர். ஏறத்தாழ அறுபது திரவங்களில் அதைக் கண்டதாக இராமனும் கிருஷ்ணனும் அறிவித்தனர். இராமன் விளைவு என்று உலகம் அழைக்கும் அக்கண்டுபிடிப்பின் நினைவாகவே பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

பொறுமையும், தூய்மையும், கூர்ந்து நோக்கும் கண்ணுமே அவ்வாய்வின் முதன்மையான கருவிகள். பள்ளியில் அறிவியல் நாள் கொண்டாடும் ஆசிரியர்கள் மஞ்சளெண்ணெய் ஆய்வோடு இச்செய்தியையும் சேர்த்துச் சொல்லலாம்.

வெளிச்சத்தைச் சேமிக்கும் தாள்

படுக்கையை விட்டு எழ இயலாத பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது இருட்டில் ஒளிரும் ஒட்டுத்தாள். தாளின் மேல் கையை விரித்து வைத்து, மேலிருந்து சாதாரண டார்ச்சை அரை நிமிடம் காட்டி, விளக்கை அணைத்துக் கையை எடுங்கள். தாள் ஒளிரும், கையின் நிழல் மட்டும் கறுப்பாக அப்படியே நிற்கும். கட்டுப்போட்ட கையானாலும் மற்றொரு கையால் இதைச் செய்யலாம்.

அடுத்து, தாளின் ஒரு பாதியைச் சிவப்புக் கண்ணாடித்தாளாலும் மறுபாதியை நீலக் கண்ணாடித்தாளாலும் மூடி ஒளியூட்டுங்கள். நீலத்தின் கீழிருந்த பாதி நன்கு ஒளிரும். சிவப்பின் கீழிருந்தது ஏறத்தாழ இருண்டிருக்கும். சிவப்பொளிக்கு எலக்ட்ரானை மேலேற்றும் அளவு ஆற்றல் இல்லை. பிறகு ஒளியூட்டிய இரு துண்டுகளில் ஒன்றைக் குளிர்ந்த நீர்க்குவளையின் மேலும், மற்றொன்றை வெதுவெதுப்பான நீர்க்குவளையின் மேலும் ஒட்டிப் பாருங்கள். வெப்பத்திலுள்ளது முதலில் மிகுதியாக ஒளிர்ந்து விரைவில் மங்கும். குளிரிலுள்ளது மெல்ல ஒளிர்ந்து நீண்டநேரம் நிற்கும். மேலேறிய எலக்ட்ரான்கள் படிகத்தின் பொந்துகளில் சிக்கிக்கொள்கின்றன. வெப்பமே அவற்றைச் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. இதற்கு நின்றொளிர்வு என்று பெயர்.

திருவிழாக் கடைகளில் விற்கும் ஒளிக்குச்சிகளையும் இவ்வாறே சூட்டிலும் குளிரிலும் ஒப்பிடலாம். அங்கு ஒளியைத் தருவது வேதிவினை. குச்சியைக் கடிக்கவோ அறுக்கவோ விடலாகாது. உள்ளிருக்கும் திரவம் வாயையும் கண்ணையும் எரியச்செய்யும். கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவ வேண்டும்.

கற்கண்டின் மின்னல்

எல்லாவற்றிலும் எளியதும் வியப்பூட்டுவதும் இதுவே. வெள்ளைக் கற்கண்டுத் துண்டுகளைத் தடித்த, நிறமற்ற பிளாஸ்டிக் பையில் இட்டு வாயை மூடுங்கள். முழு இருட்டான அறையில் கண் பழகும்வரை பத்து நிமிடம் காத்திருங்கள். பெரியவர் ஒருவர் பையின் மேலாகவே குறடால் துண்டுகளை நெரித்தால், உடையும் இடத்தில் நீலநிறப் பொறி தோன்றி மறையும். படிகம் பிளக்கும்போது பிளவின் இருபுறமும் எதிரெதிர் மின்னூட்டம் சேர்கிறது. இடையிலுள்ள காற்றின் நைட்ரஜன் அதனால் ஒளிர்கிறது. வானத்து மின்னலின் மிகச்சிறிய வடிவம் இது. சுடாது, பற்றாது. சர்க்கரை நொறுக்கப்படும்போது ஒளிர்வதை 1605ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் பேக்கன் குறித்துவைத்துள்ளார்.

இதே ஒளி மருத்துவமனையில்

இந்த ஆய்வுகளைச் செய்து பார்த்த பிள்ளைக்கு மருத்துவமனையின் பல கருவிகள் அச்சமூட்டாமல் அறிமுகமாகிவிடும். கண்ணில் பொறியோ தூசியோ பட்டு வருவோருக்கு, மருத்துவர் மஞ்சள்நிறச் சிறு தாளொன்றைக் கண்ணிமையின் உட்புறம் தொட்டு எடுப்பார். அதிலுள்ள ஃபுளோரசின் சாயம் கருவிழியில் கீறல் உள்ள இடத்தில் படிந்து, நீல ஒளியில் பச்சையாக ஒளிரும். வெறுங்கண்ணுக்குத் தப்பும் கீறலும் அப்போது தெரிந்துவிடும். சிறிது நேரம் கண்ணீர் மஞ்சளாக வருவது இயல்பே.

நீரிழிவால் விழித்திரை பழுதுற்றோருக்குச் சிலவேளை அதே சாயத்தை நரம்பில் செலுத்திப் படமெடுப்பர். அதன்பின் ஓரிரு நாள் தோலும் சிறுநீரும் மஞ்சளாகத் தோன்றலாம். அது மஞ்சள் காமாலையன்று. அச்சமுற வேண்டாம்.

காசநோய்க்குச் சளி கொடுக்கும்போது, பரிசோதனைக்கூடத்தில் அதற்கு ஔரமின் என்னும் சாயமேற்றி, ஒளிர்வு நுண்ணோக்கியில் காண்பர். கரிய பின்னணியில் கிருமிகள் மட்டும் ஒளிக்கோடுகளாகத் தெரியும். அந்நுண்ணோக்கியின் உள்ளேயும் இரண்டு வடிகட்டிகள் உள்ளன. நீங்கள் மஞ்சள் தாளைக் கொண்டு செய்த வேலையை அவை செய்கின்றன.

எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டதும் ஓர் ஒளிர்வினால்தான். 1895 நவம்பர் 8 அன்று இருட்டறையில் பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை காரணமின்றி ஒளிர்வதை இரண்ட்கன் கண்டார். பட்டாசில் பச்சையைத் தந்த பேரியம், அங்கே மருத்துவத்துக்கு ஒரு புதிய கண்ணைத் திறந்தது.

ஒளிர்வதெல்லாம் தீங்கற்றதன்று

1669ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்டு கண்டெடுத்த வெண்பாஸ்பரஸ் காற்றில் தானே ஒளிர்ந்தது. பின்னாளில் அதைக் கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளர்களின் தாடையெலும்பு அழுகியது. 1906ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை அத்தகைய தீக்குச்சியை விலக்கியது. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்குவதற்கு முன்பே வந்த தடை அது. இன்றைய தீப்பெட்டியின் உரசுபட்டையில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட்டு உள்ளது. இரண்டும் தனித்தனியே இருப்பதே அதன் பாதுகாப்பு. ஆகவே அவற்றைச் சுரண்டிச் சேர்த்துக் கலக்குவது பேராபத்து. அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த ஒளிர்சாயம் பூசிய பெண்களும், தூரிகையை உதட்டால் கூராக்கியதனால் தாடைநோய்க்கும் புற்றுநோய்க்கும் ஆளாயினர்.

ஆதலால் மேற்சொன்ன ஆய்வுகளுக்குப் பட்டாசு மருந்தையோ, தொழிற்கூடத்திலிருந்து வரும் எந்தத் தூளையுமோ எடுக்கலாகாது. உடைந்த குழல்விளக்கின் உட்பூச்சையும் தொடலாகாது. அதில் பாதரசம் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. தொழில் தெரிந்தவர்களையே பலிகொள்ளும் கலவை, வீட்டுத் திண்ணையில் பிள்ளையின் கையில் இருக்கத் தக்கதன்று. வெடிக்காத பட்டாசின் மேல் வாளி நீரை ஊற்றி நனைத்தபின் அகற்றுங்கள். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியையும் நீரில் போடுங்கள். ஒளி அணைந்த பின்னும் அது சுடும்.

காயம் நேர்ந்துவிட்டால்

தீப்பட்ட இடத்தை ஓடும் குழாய்நீரில் இருபது நிமிடம் குளிரச்செய்யுங்கள். மோதிரம், வளையல் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். பற்பசை, மை, மாவு, பனிக்கட்டி எதையும் வைக்காதீர்கள். தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு வாருங்கள். 108 எண்ணை அழைக்கலாம். வெடித்துச் சிதறியது கண்ணில் அடித்திருந்தால், கசக்காமலும் அழுத்தாமலும் உடனே அழைத்து வாருங்கள்.

இம்மாவட்டத்தில் "மருந்து" என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. "மருந்து பட்டுவிட்டது" என்று மட்டும் சொல்லாமல், பட்டாசு மருந்து என்றும், எவ்வகைப் பட்டாசு என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளை பயந்து உண்மையை மறைத்தால் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். கண்ணையும் கையையும் காப்பதற்கு அந்தச் செய்தி எங்களுக்கு மிகவும் தேவை.

வரும் தீபாவளிக்குள் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். கற்கண்டு, மஞ்சள், எண்ணெய், ஓர் இருட்டறை ஆகியவை நம் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளன. நிறம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளை உங்களைக் கேட்கும். அக்கேள்விக்கு விடைதேட அது தெருவிலே பட்டாசு மருந்தைக் கொட்ட வேண்டியதில்லை. உங்கள் அருகில் அமர்ந்தே கண்டுகொள்ளும்.